13 வயது செல்லிக்குத் தடுப்பூசி: போடுவதா, விடுவதா என்று முடிவெடுத்த விதம்

எங்கள் நாய் செல்லிக்கு 13 வயது முடிந்துவிட்டது. சிப்பிப்பாறைக் கலப்பு, 16 கிலோ எடை. இரண்டு வருடமாகச் சிறுநீரகக் கோளாறு இருக்கிறது. போன மே மாதம் அவளுடைய ஊசிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ரேபிஸ் ஊசிக்குத் தேதி நெருங்கியிருந்தது. எலிக்காய்ச்சல் ஊசி போட்டு 20 மாதம் ஆகியிருந்தது. அடுத்த தவணைக்கு நாள் வந்தபோது, சிறுநீரகக் கோளாறைப் பார்த்து, "உடம்பு ஒரு நிலைக்கு வரட்டும்மா, அப்புறம் போடலாம்" என்று டாக்டர் தள்ளி வைத்த ஊசி அது. மாடி வீட்டில் இருப்பவர் படிக்கட்டில் வைத்துக் கேட்டார்: "இந்த வயசுல அதுக்கு எதுக்குக்கா ஊசி? பாவம், நிம்மதியா இருக்கட்டுமே."

இதே வார்த்தையை 2014-ல் நானே சொல்லியிருக்கிறேன். அப்போது ராஜா இருந்தான். 10 வயது, நல்ல திடமான நாட்டு நாய். வயதாகிவிட்டதே, வெளியே எங்கே போகிறான் என்று வருடாந்திர ஊசியை நிறுத்திவிட்டோம். மறு வருடம் டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வடிந்து பத்து நாள் கழித்து ராஜா சாப்பாட்டை விட்டான். வாந்தி எடுத்தான். கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாக மாறியது. சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனது. ரத்தப் பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று வந்தது. ஆறாம் நாள் போய்விட்டான். அந்த மாதம் முழுவதும் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் உட்கார்ந்து, இதே காய்ச்சலோடு வந்தவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். வீட்டில் இருந்த நாய்க்கு இது வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

31 வருடம் மருந்தாளுநராக இருந்தேன். கால்நடை மருத்துவர் இல்லை. அதனால் இங்கே சொல்வது, டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டில் என்னென்ன யோசிக்க வேண்டும், அங்கே போய் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும்தான்.

முதலில் ஊசியைப் பிரித்துப் பாருங்கள்

"நாய் ஊசி" என்று ஒரே வாயில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று தனித்தனிக் கணக்கு இருக்கிறது. வயதான நாய்க்கு "எல்லாம் போடு" என்பதும் தப்பு, "எதுவும் வேண்டாம்" என்பதும் தப்பு. ரேபிஸுக்கு ஒரு பதில், எலிக்காய்ச்சலுக்கு வேறு பதில், டிஸ்டெம்பர் பார்வோ வகைக்கு இன்னொரு பதில்.

டிஸ்டெம்பர் (நரம்பைத் தாக்குவது), பார்வோ (ரத்தப்பேதி வரவழைப்பது), அடினோ (கல்லீரலைத் தாக்குவது) ஆகிய மூன்று வைரஸ்களும் ஒரு கூட்டம். இவற்றுக்குப் போடுவது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ். குட்டியில் முறையாகப் போட்டு, ஒரு வயதிலும் போட்டிருந்தால், இந்த எதிர்ப்புச் சக்தி பல வருடம் நிற்கும். உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலே, வளர்ந்த நாய்க்கு இவற்றை 3 வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் போட வேண்டியதில்லை என்கிறது. ஆகவே ஒழுங்காக ஊசி போட்டு வந்த 12 வயது நாய்க்கு அவசரம் குறைந்த ஊசி இதுதான். சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. டைட்டர் டெஸ்ட் என்று கேளுங்கள். எல்லா இடத்திலும் கிடைக்காது, கொஞ்சம் செலவும் ஆகும். ஆனால் நோயாளி நாய்க்குத் தேவையில்லாத ஊசி ஒன்றைத் தவிர்க்க அந்தச் செலவு தகும்.

தெருவிலிருந்து எடுத்து வந்த வயதான நாய், முன்பு ஊசி போட்டார்களா என்றே தெரியாது என்றால் கதை வேறு. அதற்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். டிஸ்டெம்பர் வந்த தெருநாய் வாய் கோணி, தலை வெட்டி வெட்டி இழுக்கும். பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வளர்ந்த நாய்க்கு இந்த உயிர்த் தடுப்பூசி ஒரு முறை போட்டாலே பெரும்பாலும் பிடித்துவிடும். குட்டிக்குப் போல மூன்று முறை அலைய வேண்டியிருக்காது.

ரேபிஸில் எனக்கு விட்டுக்கொடுக்கும் மனசு இல்லை. அறிகுறி தோன்றிவிட்டால் நாயோ மனிதரோ பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய் வழியாகத்தான் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்த ஊசியில் இருப்பது செத்த வைரஸ். அதனால் பலவீனமான நாய்க்குள் போய் அது நோயாக மாற வழியே இல்லை. "செல்லி வெளியே போறதே இல்லையே" என்று என் மகனும் கேட்டான். அவள் போக மாட்டாள், சரி. ஆனால் கேட் திறந்திருக்கும்போது தெருநாய் உள்ளே வரும், கீரி வரும், பூனை வரும். காது கேட்காத, கண் மங்கிய கிழட்டு நாய் அவற்றைக் கவனித்து ஒதுங்காது. வீட்டில் என் பேத்தி இருக்கிறாள், நாலு வயது, செல்லியின் வாய்க்குள் கை விடுகிறவள். நம் ஊரில் ரேபிஸ் ஊசியை வருடம் ஒரு முறை போடுவதே வழக்கம். குப்பியோடு வரும் தாளில் 3 வருடம் தாங்கும் என்று அச்சிட்ட ஊசிகளும் இருக்கின்றன. உங்கள் நாய்க்குப் போட்டது எது என்று கேட்டு, அடுத்த தேதியை டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம். இன்னொன்று, சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் எடுக்க இந்த ஊசிச் சான்று வேண்டும். டைட்டர் பரிசோதனைச் சீட்டு அதற்கு மாற்றாகாது.

மூன்றாவது எலிக்காய்ச்சல், லெப்டோஸ்பைரோசிஸ். பேசும்போது இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் கிருமி இருக்கும். நாய் அதைக் குடித்தால், அதில் நடந்தால், காலில் சின்னக் கீறல் இருந்தால் போதும். கிருமி நேராகப் போய்த் தாக்கும் இடம் சிறுநீரகமும் கல்லீரலும். அப்புறம் நாயின் சிறுநீர் வழியாக நமக்கும் வரும். இந்த ஊசியின் பலம் சுமார் ஒரு வருடம்தான். டைட்டர் பார்த்து இதைத் தள்ளிப்போட முடியாது. ரொம்ப நாள் விட்டுப்போயிருந்தால் 2 முதல் 4 வாரம் இடைவெளியில் இரண்டு முறை போட்டு மறுபடி தொடங்க வேண்டும். பழைய ஊசிகள் இந்தக் கிருமியின் இரண்டு வகைகளைத்தான் தடுத்தன, இப்போது நான்கு வகையைத் தடுப்பவை இருக்கின்றன. உங்கள் டாக்டரிடம் எது இருக்கிறது என்று கேளுங்கள்.

சிறுநீரகம் கெட்ட நாய்க்கு இந்த ஊசி எதற்கு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். டாக்டர் திருப்பிக் கேட்டார்: "இருக்கிற கொஞ்ச சிறுநீரகத்தையும் எலிக்காய்ச்சல் வந்து எடுத்துட்டா என்னம்மா பண்ணுவீங்க?" மாடி வீட்டை விட்டு இறங்காத, தண்ணீர் தேங்காத ஊரில் வாழும் நாய்க்கு இதை விடலாம். வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருக்கும் நாய்க்கு விடக்கூடாது. கெனல் காஃப் (நாய்க்கு நாய் தொற்றும் இருமல்) ஊசி, நாயை விடுதியில் விட்டுப் போகிறவர்களுக்கு மட்டும். நாய்க் கொரோனா (மனிதருக்கு வந்த கோவிட் இல்லை, நாயின் குடலுக்கு வருவது) ஊசி தேவையில்லை.

பிறகு நாயைப் பாருங்கள்

வயது மட்டும் காரணமாகாது. ஊசிக்கு ஒவ்வாமை வருவது வயதான நாய்களுக்குத்தான் அதிகம் என்று பலர் நம்புகிறார்கள். 2005-ல் அமெரிக்காவில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களை வைத்து வந்த ஆய்வில், ஊசி போட்ட மூன்று நாளுக்குள் ஏதாவது பக்க விளைவு தெரிந்தது 10,000-க்கு 38 நாய்களில். அதிகம் பாதிக்கப்பட்டவை கிழட்டு நாய்கள் இல்லை, இளவயதுச் சின்ன நாய்கள். ஒரே நாளில் போடும் ஊசிகள் கூடக் கூட ஆபத்தும் கூடியது. இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேலைக்கு வரும்.

இன்றைக்கு நாய்க்குக் காய்ச்சல், வாந்தி, பேதி, மூச்சு வாங்கல் என்றால் எந்த ஊசியும் வேண்டாம், சரியான பிறகு பார்க்கலாம். காய்ச்சலை மூக்கைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை நாய்க்கென்றே தனியாக வாங்கி வையுங்கள். நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, வாலை மெல்லத் தூக்கி, ஆசனவாயில் ஒரு அங்குலம் போல விட்டு, சத்தம் வரும் வரை பிடிக்க வேண்டும். செல்லியை என் மகன் முன்பக்கம் கழுத்தோடு அணைத்துக்கொண்டு அவள் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே இருப்பான், அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நாய்க்கு இயல்பு. நமக்கு 101 என்றால் காய்ச்சல், அதற்கு இல்லை. நடைக்குப் போய் வந்த உடனே பார்க்காதீர்கள், கூடுதலாகக் காட்டும்.

சர்க்கரை, இதயம், மூட்டு வலி, தைராய்டு, சிறுநீரகம் மாதிரியான நாள்பட்ட நோயா? அப்படியானால் கேட்க வேண்டியது, நோய் இருக்கிறதா என்று அல்ல, அது நிலையாக இருக்கிறதா என்று. செல்லிக்கு மூன்று பரிசோதனையாகக் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) 2.4-ஐ ஒட்டியே நின்றது. எடை 16 கிலோவிலிருந்து இறங்கவில்லை. சாப்பிடுகிறாள், வாலாட்டுகிறாள். இது நிலையான நோய். எடையை நான் வீட்டிலேயே பார்க்கிறேன். அவளைத் தூக்கிக்கொண்டு மகன் எடை மெஷினில் ஏறுவான், அப்புறம் தனியாக ஏறுவான், கழித்துக்கொள்வோம். மாதம் ஒரு முறை காலண்டரில் குறித்து வைத்தால் டாக்டருக்கு அதைவிடப் பயனுள்ள காகிதம் வேறில்லை. கிரியாட்டினின் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போகிறது, நாய் மெலிந்துகொண்டே போகிறது என்றால் முதலில் அதைப் பாருங்கள், ஊசி காத்திருக்கட்டும்.

ஸ்டீராய்டு சாப்பிடும் நாயா? இங்கே அளவு முக்கியம். அரிப்புக்காகச் சில நாள் கொடுக்கும் சின்ன அளவு பிரெட்னிசோலோன் வேறு. எதிர்ப்புச் சக்தியையே அடக்குவதற்காகக் கொடுக்கும் பெரிய அளவு வேறு. பின்னதில், புற்றுநோய் மருந்து ஓடும்போதும், உயிருள்ள வைரஸ் ஊசி கூடாது. சிகிச்சை முடிந்து குறைந்தது இரண்டு வாரமாவது கழிய வேண்டும். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். "ஏதோ வெள்ளை மாத்திரை" என்று சொல்லாதீர்கள். மருந்தகத்தில் 31 வருடம் அந்த வார்த்தையைக் கேட்டவள் சொல்கிறேன், அதனால் வரும் தப்பு கொஞ்சமில்லை.

உடம்பே தன் சிவப்பணுவையோ தட்டணுவையோ அழித்துக்கொள்ளும் நோய் வந்து மீண்ட நாய் என்றால், ஊசி என்ற பேச்சையே மிகக் கவனமாக எடுக்க வேண்டும். ஊசி எதிர்ப்பு மண்டலத்தைத் தட்டி எழுப்புகிற வேலை. அந்த நாய்க்கு அது தூங்குவதே நல்லது. டிஸ்டெம்பர் கூட்டத்துக்கு டைட்டர் பார்ப்பதோடு நிறுத்தலாம். ரேபிஸ் விஷயத்தை அந்த நோய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும், தெரு முனை கிளினிக்கில் புதிதாகக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். போன முறை ஊசி போட்டதும் முகம் வீங்கியது, உடம்பெங்கும் தடித்தது, மயங்கியது என்றிருந்தாலும் இப்படித்தான். எந்தக் கம்பெனி ஊசி, எத்தனை நிமிடத்தில் ஆரம்பித்தது என்று புத்தகத்திலேயே சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

எழுந்து நடக்க முடியாமல், இன்னும் சில வாரம்தான் என்று டாக்டரே சொல்லிவிட்ட நாய்க்கு எதுவும் வேண்டாம். அதன் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். ஒரே ஒரு விலக்கு, வேறு நாய் அதைக் கடித்துவிட்டால். அப்போது வயது, நோய் எதையும் பார்க்காமல் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரைக் கேளுங்கள். கழுவும்போது கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஊசி போடும் நாள்

போடலாம் என்று முடிவானால், எல்லாவற்றையும் ஒரே நாளில் போடாதீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள். ஒரு ஊசிக்கும் அடுத்ததற்கும் குறைந்தது இரண்டு வாரம். பல கலவை ஊசிகளில் இரண்டு குப்பி வரும். ஒன்றில் அடியில் வெள்ளைப் பொடி கட்டியாக ஒட்டியிருக்கும், அது உயிருள்ள வைரஸ். இன்னொன்றில் திரவம், அதில்தான் லெப்டோ. திரவத்தால் பொடியைக் கரைத்து ஒன்றாகப் போடுவது வழக்கம். லெப்டோ மட்டும் வேண்டும் என்றால் அதைத் தனியாகப் போடத் தகுந்த ஊசி எது என்று டாக்டரிடம் முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள். வரவழைக்க இரண்டு நாள் ஆகலாம்.

"வயசாயிடுச்சு, பாதி அளவு போடுங்க டாக்டர்" என்று கேட்காதீர்கள். இது மாத்திரை மாதிரி எடைக்குத் தகுந்து குறைக்கும் மருந்து இல்லை. பாதி போட்டால் பாதிப் பாதுகாப்பு கிடைக்காது, ஒன்றுமே கிடைக்காமல் போகலாம்.

குளிர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை, இது என் தொழில். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். வெயிலில் வைத்தாலும் கெடும், ஃபிரீசரில் உறைய வைத்தாலும் கெடும். மருந்துக் கடையில் வாங்கி, பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டு, பஸ்ஸில் முக்கால் மணி நேரம் கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ராஜா குட்டியாக இருந்தபோது நானும் ஒரு கிளினிக்கில் மேசை மேல் வெளியே கிடந்த குப்பியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வந்திருக்கிறேன். இப்போது பேசுவேன். டாக்டர் ஃபிரிட்ஜிலிருந்து எடுப்பதைப் பாருங்கள். குப்பியின் காலாவதித் தேதியைப் படியுங்கள். குப்பி மேல் இருக்கும் ஸ்டிக்கரை உரித்துப் புத்தகத்தில் ஒட்டச் சொல்லுங்கள். பேட்ச் எண் அதில்தான் இருக்கிறது.

வெயிலுக்கு முன் காலையில் போங்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். முகம் வீக்கம், ஓயாத வாந்தி, ஈறு வெளுத்துப் போவது, கால் தளர்வது என்றால் அது அங்கேயே கவனிக்க வேண்டியது. வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றிரண்டு நாள் சோர்ந்து படுப்பதும், ஊசி போட்ட இடத்தில் சுண்டைக்காய் அளவு கட்டியும் பயப்பட வேண்டியவை இல்லை. ஆனால் சிறுநீரக நோயாளி ஒரு முழு நாள் தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது. அப்படியிருந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள். உங்கள் காய்ச்சல் மாத்திரையைத் தராதீர்கள். ஐப்ரூஃபன் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பாரசிட்டமாலும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

செல்லிக்கு நாங்கள் வகுத்த கணக்கு இது. ஜூன் முதல் வாரம் ரேபிஸ். மூன்று வாரம் கழித்து எலிக்காய்ச்சல் முதல் ஊசி. அதிலிருந்து நான்கு வாரத்தில் இரண்டாவது. ஐப்பசி மழைக்கு முன் எல்லாம் முடிந்துவிடும். டிஸ்டெம்பர் கூட்டத்தை அவளுக்கு 11 வயதில் போட்டிருந்ததால் இந்த வருடம் தொடவில்லை. ரேபிஸ் போட்ட அன்று ஒன்றுமே தெரியவில்லை. எலிக்காய்ச்சல் முதல் ஊசிக்குப் பிறகு சாயங்காலம் வரை படிக்கட்டுக்குக் கீழே சாக்கில் சுருண்டு படுத்திருந்தாள், கூப்பிட்டால் காதை மட்டும் அசைத்தாள். நான் தெர்மாமீட்டரும் கையுமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். 102.2 காட்டியது. எட்டு மணிக்கு எழுந்து ஒரு கிண்ணம் தண்ணீர் குடித்தாள். அப்புறம் சோறும் முட்டை வெள்ளையும் வைத்தேன், பாதி சாப்பிட்டாள். இரண்டாவது ஊசிக்கு அந்தச் சோர்வும் இல்லை. ஸ்டிக்கர் ஒட்டிய பக்கத்தில் அடுத்த தேதியை எழுதி, புத்தகத்தை அவள் சங்கிலி மாட்டும் ஆணியிலேயே தொங்கவிட்டிருக்கிறேன்.